பாட்டு பிடித்திருக்கிறதா? மூளை அலைக்கு எவ்வளவு தெரியும்

யூடியூபில் "ஆல்ஃபா அலை இசை" என்று தேடினால் மணிக்கணக்கில் ஓடும் காணொளிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒன்று படிப்பில் கவனம் தருமாம், இன்னொன்று தூக்கம் தருமாம், பணத்தையே இழுத்து வரும் அலைகூட உண்டாம். இன்னொரு பக்கம், நெற்றியில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டால் போதும், உங்கள் மூளைக்குப் பிடித்த பாட்டை நாங்களே கண்டுபிடித்துப் போடுகிறோம் என்கிற விளம்பரங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இசை கேட்கும்போது மூளை அலைகளில் உண்மையிலேயே சுவாரசியமான மாற்றங்கள் நடக்கின்றன. தாளத்தை மூளை எப்படிப் பற்றிக்கொள்கிறது, எந்த வேகத்தில் அது நன்றாக நடக்கிறது, பாட்டு கேட்டு மயிர்க்கூச்செறியும்போது என்ன ஆகிறது என்பதையெல்லாம் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அளந்தது வேறு, விளம்பரத்தில் வருவது வேறு. குழப்பத்தின் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: மூளை ஒரு தாளத்தைப் பின்தொடர்வதையும், அந்தத் தாளம் நமக்குப் பிடித்துப்போவதையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். இரண்டும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவை, அவ்வளவுதான்.

## மூளை அலை என்றால் என்ன

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. இவற்றைத்தான் நியூரான் என்கிறோம். ஒரு நியூரான் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது மிகச் சிறிய மின் மாற்றம் ஏற்படுகிறது. தலையில் சின்னச் சின்ன உலோக வில்லைகளை ஒட்டி அந்த மின்சாரத்தை வெளியிலிருந்தே அளக்கும் முறைக்கு ஈஈஜி என்று பெயர். வில்லைகளை மின்முனைகள் என்பார்கள். வலிப்பு நோய்க்காக நரம்பியல் மருத்துவரிடம் போனவர்கள் பலர் இதை எடுத்திருப்பார்கள்.

ஒரே ஒரு நியூரானின் சத்தம் மண்டையோட்டைத் தாண்டி வெளியே வராது. தேரோட்டத்தன்று நாலு தெரு தள்ளி வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்திருக்கும் ஆயிரம் பேர் தங்களுக்குள் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தால் உங்கள் காதுக்கு எதுவும் எட்டாது. எல்லோரும் ஒரே மூச்சில் குரல் கொடுத்து இழுக்கும்போது மட்டும் அந்த ஓசை கூரைகளைத் தாண்டி வந்து சேரும். எத்தனை நொடிக்கு ஒருமுறை இழுக்கிறார்கள், ஒன்றாக இழுக்கிறார்களா, ஆளாளுக்கு இழுக்கிறார்களா என்பதை வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். யார் என்ன பேசினார்கள், யாருக்குக் கால் வலித்தது என்பது தெரியாது. ஈஈஜியின் நிலைமையும் இதுதான். பல்லாயிரக்கணக்கான நியூரான்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும்போது எழும் கூட்டுக்குரலைத்தான் அது பிடிக்கிறது. அந்தக் குரலின் ஏற்ற இறக்கம்தான் மூளை அலை.

அந்தக் கூட்டுக்குரலும் மிகச் சன்னமானது. தலைமேல் கிடைப்பது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். சுவர்க்கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியோடு ஒப்பிட்டால், 50 மைக்ரோவோல்ட் என்பது முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டினாலோ பல்லைக் கடித்தாலோ தசைகளிலிருந்து வரும் மின்சாரம் இதை மூழ்கடித்துவிடும். இசை ஆய்வில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். பிடித்த பாட்டு என்றால் தலை தானாக ஆடும், ஆடும் தலையோடு மின்முனையின் வயர்களும் ஆடும், பாட்டின் வேகத்திலேயே ஒரு போலி அலை பதிவாகிவிடும். அதனால்தான் ஆய்வுக்கூடங்களில் கேட்பவரை அசையாமல் உட்காரச் சொல்கிறார்கள். பாட்டு கேட்க இதைவிடச் செயற்கையான வழி வேறு இல்லைதான். ஆனால் வேறு வழியும் இல்லை.

மனித மூளையின் மின்னலையை முதலில் பதிவு செய்தவர் ஹன்ஸ் பெர்கர். ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர். 1924-ல் பதிவு செய்து, 1929-ல் வெளியிட்டார். அவர் இந்தப் பக்கம் வந்த கதை விசித்திரமானது. இளைஞராக ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்றே அவர் சகோதரி, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனசு அடித்துக்கொண்டு, அப்பாவைத் தந்தி கொடுக்கவைத்தாராம். எண்ணங்கள் ஒரு மூளையிலிருந்து இன்னொன்றுக்குப் பாயுமா என்ற கேள்வி பெர்கரை விடவே இல்லை. தேடியது கிடைக்கவில்லை, ஈஈஜி கிடைத்தது. மனசைப் படிக்கும் கருவி என்ற ஆசை இந்தத் துறையின் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்ததுதான் போலிருக்கிறது.

## ஆல்ஃபா, பீட்டா: பெயர்கள் சொல்வது என்ன

அலை ஒரு விநாடியில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் சொல்கிறோம். விநாடிக்குப் பத்து தடவை என்றால் 10 ஹெர்ட்ஸ். இந்த எண்ணிக்கையை வைத்து மூளை அலைகளைப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, 13 முதல் 30 வரை பீட்டா, அதற்கு மேல் காமா.

இவை வேக வரம்புகளின் பெயர்கள், அவ்வளவே. ஆல்ஃபா என்றால் நிம்மதி, பீட்டா என்றால் பதற்றம், தீட்டா என்றால் தியானம் என்று ஒட்டப்படும் லேபிள்கள் மிகையானவை. பெர்கரே கவனித்த ஒன்று உண்டு: கண்ணை மூடினால் தலையின் பின்பக்கம் ஆல்ஃபா ஓங்கும், திறந்தால் சட்டென்று அடங்கும். அப்படியென்றால், பிடித்த பாட்டைக் கண்மூடி ரசிப்பவருக்கும், போரடிக்கும் கூட்டத்தில் கண்மூடி உட்கார்ந்திருப்பவருக்கும் ஆல்ஃபா கூடும். "ஆல்ஃபா ஏறியது, ஆகவே பாட்டு பிடித்துவிட்டது" என்று யாராவது சொன்னால், கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: மூளை அலை என்பது பெருங்கூட்டமான நியூரான்களின் கூட்டுக்குரல். அது எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதற்குத்தான் ஆல்ஃபா, பீட்டா போன்ற பெயர்கள். ஒரு பெயருக்கு ஓர் உணர்ச்சி என்ற கணக்கு கிடையாது.

## ஒலியின் ஹெர்ட்ஸ் வேறு, மூளையின் ஹெர்ட்ஸ் வேறு

காற்றில் ஒலி அதிரும் வேகத்தையும் ஹெர்ட்ஸில்தான் சொல்கிறோம். மனிதக் காதுக்குக் கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. மூளை அலைகளில் நாம் பேசுவது பெரும்பாலும் 1 முதல் 40 வரை. ஒரே அலகு என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். "432 ஹெர்ட்ஸ் இசை மூளையைச் சரிசெய்யும்" என்ற நம்பிக்கை இந்தக் குழப்பத்தில் வளர்ந்ததுதான். மேற்கத்திய வாத்தியங்களைச் சுருதி சேர்க்க இன்று 440 ஹெர்ட்ஸ் பொதுத்தரமாக இருக்கிறது, அதைச் சற்றே இறக்கினால் 432. அந்த இறக்கத்தால் ஆல்ஃபாவுக்கோ தீட்டாவுக்கோ எந்தக் கதவும் திறப்பதில்லை. கர்நாடக சங்கீதத்தில் பாடுபவர் தன் குரலுக்குத் தோதான கட்டையை எடுத்துக்கொள்கிறார். ஒருவர் ஒரு கட்டைக்கும் இன்னொருவர் ஐந்து கட்டைக்கும் பாடுகிறார்கள். 432-ல்தான் மகிமை என்றால் சபாக்களில் பாதிப் பேரின் கச்சேரி எடுபட்டிருக்கவே கூடாது.

மூளைத்தண்டில் கீழ்ச்சுருதி ஒலிகளை அப்படியே எதிரொலிக்கும் மெல்லிய சமிக்ஞை ஒன்று உண்டு, உண்மைதான். கேட்கும் திறனைச் சோதிக்க அது உதவுகிறது. பிடித்திருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த வரிசையில் இன்னொன்று, இருசெவித் துடிப்பு. ஒரு காதில் 200 ஹெர்ட்ஸ் ஒலியும் மறுகாதில் 210 ஹெர்ட்ஸ் ஒலியும் கொடுத்தால், இரண்டின் வித்தியாசமான விநாடிக்குப் பத்துத் துடிப்பு நம் தலைக்குள் கேட்பதுபோல் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிக் டோவ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கவனித்த நிஜமான விந்தை இது. பத்துத் துடிப்பு என்றால் ஆல்ஃபா வேகம், ஆகவே மூளை ஆல்ஃபாவுக்கு மாறி நிம்மதி வந்துவிடும் என்பது பின்னால் வந்த கற்பனை. 2020-ல் மான்ட்ரியால் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். இரண்டு ஒலிகளையும் முன்கூட்டியே கலந்து இரு காதுகளுக்கும் கொடுக்கும் சாதாரணத் துடிப்பு, இருசெவித் துடிப்பைவிட வலுவாக மூளை அலையைத் தன் வேகத்துக்கு இழுத்தது. மனநிலையை இரண்டுமே மாற்றவில்லை.

சரி, மூளை அலைகள் சுருதியைப் பின்பற்றவில்லை என்றால், இசையில் அவை எதைத்தான் பின்பற்றுகின்றன?

## தாளத்தை மூளை பற்றிக்கொள்ளும் விதம்

விடை தாளம். ஒரு பாட்டில் நிமிடத்துக்கு எத்தனை தட்டு விழுகிறது என்பதுதான் அதன் தாள வேகம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் விநாடிக்கு இரண்டு, அதாவது 2 ஹெர்ட்ஸ். பார்த்தீர்களா, இப்போதுதான் ஒலிப்பக்கத்து எண்ணும் மூளைப்பக்கத்து எண்ணும் ஒரே அளவுக்கு வருகின்றன. காற்றின் அதிர்வு நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடினாலும், சத்தம் ஓங்கித் தணியும் வேகம் விநாடிக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்றுதான் இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தோடு மூளையில் ஒலியைக் கேட்கும் பகுதிகளில் உள்ள நியூரான் கூட்டமும் சேர்ந்து ஏறி இறங்குகிறது. தேர் இழுக்கும் குரலுக்கு வடம் பிடித்தவர்கள் எல்லோரும் ஒன்றுபோல் சாய்கிறார்களே, அப்படி. இதற்கு ஒத்திசைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அளப்பது எப்படி? பாட்டு ஓடும்போது ஈஈஜியைப் பதிவு செய்கிறார்கள். பிறகு அந்தப் பதிவில் எந்தெந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணினி பிரித்துக் காட்டும். பாட்டு 2 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடினால், மூளைப் பதிவிலும் 2 ஹெர்ட்ஸில் ஒரு கூரான மேடு தெரியும். மேடு உயரமாக இருந்தால் ஒத்திசைவு வலுவானது.

"அப்படியென்றால் மூளை வெறும் எதிரொலிதானே" என்று தோன்றலாம். அப்படி இல்லை என்று காட்டிய அழகான சோதனை ஒன்று 2011-ல் வந்தது. சில்வி நோசரதான் என்ற ஆய்வாளரும் சகாக்களும் பெல்ஜியத்தில் செய்தது. விநாடிக்கு 2.4 தடவை விழும் சீரான தட்டைக் கேட்கவைத்தார்கள். எல்லாத் தட்டும் ஒரே பலம், எதிலும் அழுத்தம் கிடையாது. கேட்பவர்கள் அதை ஒருமுறை மனசுக்குள் இரண்டிரண்டாகவும், இன்னொருமுறை மும்மூன்றாகவும் கற்பனை செய்ய வேண்டும். நம் ஊர் வழக்கில் சொன்னால், அதே தட்டை "தக தக" என்று ஒருமுறை, "தகிட தகிட" என்று ஒருமுறை. இரண்டிரண்டாக எண்ணியபோது ஈஈஜியில் 1.2 ஹெர்ட்ஸில் புதிதாக ஒரு மேடு முளைத்தது. மும்மூன்றாக எண்ணியபோது 0.8-ல் முளைத்தது. வெளியே அந்த வேகத்தில் எந்த ஒலியும் இல்லை. தாளக்கட்டு கேட்பவரின் தலைக்குள் இருந்தது, அலை அதைக் காட்டிக்கொடுத்தது. இந்தத் துறையில் எனக்கு ஆகப் பிடித்த சோதனை இதுதான். கருவி எளிது, கேள்வி கூர்மையானது, விடை ஒரு வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

மூளை அடுத்த தட்டை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது என்பதற்கும் சான்று உண்டு. டொரொன்டோவில் தகாகோ ஃபுஜியோகாவின் குழு காந்தப்புலத்தை அளக்கும் கருவியால் பீட்டா அலைகளைக் கவனித்தது. ஒவ்வொரு தட்டு விழுந்ததும் பீட்டா சரிகிறது. பிறகு மெல்ல எழுந்து, அடுத்த தட்டு விழும் நேரத்துக்குச் சரியாக மேலே வந்து நிற்கிறது. தட்டுகளின் இடைவெளியைக் கூட்டினால் அந்த ஏற்றமும் அதற்கேற்ப நிதானமாகிறது. இதில் கைகாலை அசைக்கும் மூளைப்பகுதிகளுக்கும் பங்கு இருக்கிறது. உடல் அசையாமல் இருந்தாலும் தாளம் கேட்கும்போது அவை வேலை செய்கின்றன. கால் தானாகத் தாளம் போடுவதில் அப்புறம் என்ன ஆச்சரியம்?

இந்தத் திறன் வருவதற்குச் சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது டிரம் தாளம் ஒன்றைக் கேட்கவைத்தார்கள். தாளத்தின் முதல் தட்டு விடுபட்டபோது, வரவேண்டியது வரவில்லை என்று குழந்தையின் மூளை அலை எதிர்வினை காட்டியது. முக்கியமில்லாத தட்டு விடுபட்டபோது அப்படிக் காட்டவில்லை.

ஆய்வாளர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்றும் இங்கே உண்டு. மூளைக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அலை பாட்டோடு இணைந்துகொள்கிறதா, அல்லது ஒவ்வொரு தட்டுக்கும் மூளை தனித்தனியாகத் துள்ளுவது வரிசையாக வந்து அலைபோலத் தெரிகிறதா? இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் இதற்குள் இறங்க வேண்டியதில்லை.

சுருக்கமாக: மூளை அலைகள் பாட்டின் தாள வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன, அடுத்த தட்டை எதிர்பார்க்கின்றன, நாம் மனசுக்குள் போடும் தாளத்தையும் காட்டுகின்றன. பிடிக்கிறதா என்ற கேள்விக்கு நாம் இன்னும் வரவே இல்லை.

## எந்த வேகம் தோதாக இருக்கிறது

யாரையாவது "உனக்குச் சௌகரியமான வேகத்தில் மேஜையைத் தட்டு" என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் சராசரியாக 0.6 விநாடிக்கு ஒருமுறை தட்டுவார்கள், நிமிடத்துக்குச் சுமார் 100 தட்டு. குழந்தைகள் இதைவிட வேகமாகத் தட்டுகிறார்கள், வயதாக ஆக வேகம் குறைகிறது. நான்கு வயதுக் குழந்தை முதல் தொண்ணூறு தாண்டிய முதியவர் வரை சோதித்து உறுதிசெய்த விஷயம் இது. மனிதர்கள் இயல்பாக நடக்கும் வேகமோ விநாடிக்குச் சுமார் இரண்டு காலடி. மேற்கத்திய ஜனரஞ்சக இசையில் நிமிடத்துக்கு 120 தட்டை ஒட்டிய பாடல்கள் ஏராளமாக இருப்பதற்கு இந்த நடைவேகம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நடையிலிருந்து தாளம் வந்ததா, இரண்டுக்கும் பொதுவான வேறு மூலம் உண்டா என்பது தனிக் கேள்வி.

மூளை அலைகளும் ஏறத்தாழ இந்த வட்டாரத்தில்தான் நன்றாக ஒத்திசைகின்றன. ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அனுபவ அழகியல் நிறுவனத்தில் ஒரே இசைத்துண்டுகளை விநாடிக்கு 1 தட்டிலிருந்து 4 தட்டு வரை வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டு ஈஈஜி எடுத்தார்கள். 2022-ல் வெளியான முடிவு: மெதுவான பாதியில், அதாவது விநாடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு தட்டு வரையிலான வேகங்களில், ஒத்திசைவு அதிகம். ஏற்கெனவே தெரிந்த பாட்டாகவும், தாளம் சுலபமாகப் பிடிபடும் பாட்டாகவும் இருந்தால் இன்னும் அதிகம்.

மிக மெதுவாகப் போனால் என்ன ஆகும்? நியூயார்க்கில் கீத் டோலிங்கும் டேவிட் பெப்பலும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், விநாடிக்கு அரை ஸ்வரத்திலிருந்து எட்டு ஸ்வரம் வரை போகும் பியானோ இசையைக் கேட்கவைத்தார்கள். விநாடிக்கு ஒரு ஸ்வரத்துக்கும் கீழே போனபோது, இசை பயிலாதவர்களின் மூளை அலைகளால் சரியாகத் தொடர முடியவில்லை. பயின்றவர்கள் அந்த மெதுவேகத்திலும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். விளம்ப காலத்தில் தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள நீண்ட வெளியை மனசு சிறுசிறு துண்டுகளாக்கி எண்ணிக்கொண்டிருக்கும். பயிற்சியில் வருவது அதுதான் என்று நினைக்கிறேன்.

வேகம் மனநிலையை மாற்றுகிறதா என்றால், பாதி ஆமாம். "மொசார்ட் கேட்டால் அறிவு வளரும்" என்று ஒருகாலத்தில் பெரிய பரபரப்பு இருந்ததே, அதன் தொடக்கம் 1993-ல் கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சின்னச் சோதனை. அதில் தெரிந்த முன்னேற்றம் கால்மணி நேரம்கூட நீடிக்கவில்லை, குழந்தைகளைச் சோதிக்கவும் இல்லை. ஆனாலும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்டார்! 2002-ல் கனடாவில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். அதே மொசார்ட் சொனாட்டாவை வேகமாகவும் மெதுவாகவும், மேஜரிலும் மைனரிலும் (மேற்கத்திய இசையின் இரண்டு ஸ்வர அமைப்புகள்) வாசிக்கவைத்து நான்கு வடிவங்களாக்கினார்கள். வேகம் கேட்பவரின் விழிப்பைக் கூட்டியது, மகிழ்ச்சியை மாற்றவில்லை. மேஜரா மைனரா என்பது மகிழ்ச்சியை மாற்றியது, விழிப்பை மாற்றவில்லை. விழிப்பும் நல்ல மனநிலையும் கூடியவர்கள் சோதனைத்தாளில் சற்று நன்றாகச் செய்தார்கள். மொசார்ட்டுக்கென்று தனி மந்திரம் தேவைப்படவில்லை.

## சரி, பிடித்திருப்பது எங்கே தெரிகிறது

இங்கேதான் தரை வழுக்குகிறது. "பிடித்திருக்கிறது" என்று ஒரு தனி அலை கிடையாது. சில தடயங்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட, எவ்வளவு நம்பலாம் என்பதோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது.

முதல் தடயம், நெற்றிக்குப் பின்னால் இடது வலது வித்தியாசம். 2001-ல் கனடாவில் லூயி ஷ்மிட், லாரல் டிரெய்னர் இருவரும் செய்த ஆய்வில், மகிழ்ச்சியான இசைக்கு இடதுபக்க முன்மூளையும், சோகமான அல்லது அச்சமூட்டும் இசைக்கு வலதுபக்க முன்மூளையும் ஒப்பீட்டளவில் கூடுதலாக இயங்கின. (ஓரிடத்தில் ஆல்ஃபா குறைந்தால் அந்த இடம் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். ஆல்ஃபா கூடினால்தான் நல்லது என்பவர்கள் கவனிக்க!) நெற்றிப்பட்டைக் கருவிகள் பெரும்பாலும் இந்தத் தடயத்தைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இது ஒரேமாதிரி கிடைக்கவில்லை. அதோடு, சோகப் பாட்டையே தேடித்தேடிக் கேட்பவரை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது?

இரண்டாவது, தலையின் முன்நடுப்பகுதியில் தீட்டா. லைப்ஸிக்கில் டேனியலா சாம்லரின் குழு 2007-ல் இனிமையான இசையையும், அதையே சுருதி முரணும்படி கெடுத்த வடிவத்தையும் ஒப்பிட்டது. இனிமையானதைக் கேட்டபோது அங்கே தீட்டா கூடியது. 2020-ல் பிரான்சின் பெசான்சோன் நகரில், பாட்டு கேட்டால் மயிர்க்கூச்செறியும் பழக்கமுள்ள 18 பேரை உட்காரவைத்து, அவர்கள் தேர்ந்தெடுத்த இசையைப் போட்டார்கள். சிலிர்த்த கணங்களில் முன்மூளைத் தீட்டா ஓங்கியது. இரண்டு ஆய்வும் ஒத்துப்போகின்றன, நல்லது. ஆனால் மனக்கணக்குப் போடும்போதும், ஒன்றில் ஊன்றிக் கவனிக்கும்போதும் அதே இடத்தில் அதே தீட்டா கூடும். அதனால் தீட்டாவை மட்டும் பார்த்துவிட்டு "ஆஹா, ரசிக்கிறார்" என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, பலருடைய மூளை அலைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. ஒரே பாட்டைப் பலர் தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஈர்க்கும் இடங்களில் எல்லோருடைய அலைகளும் ஒன்றுபோல் ஏறி இறங்கும், கவனம் சிதறினால் அந்த ஒற்றுமையும் குலையும். நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், பழகிய பாணியில் அமைந்த இசையைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது இந்த ஒற்றுமை குறைந்துகொண்டே வந்தது. கேட்டுக்கேட்டு அலுத்துப்போன பாட்டுக்கு மூளைப் பதிவில் கிடைக்கும் சாட்சி என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தடயங்களை மேலும் குழப்புவது பரிச்சயம். தெரிந்த பாட்டு பெரும்பாலும் பிடித்த பாட்டாகவும் இருக்கும். தெரிந்த பாட்டில் அடுத்த தட்டை ஊகிப்பது சுலபம், ஆகவே ஒத்திசைவு கூடும். இப்போது கூடிய ஒத்திசைவைப் பார்த்துவிட்டு, பிடித்ததால் கூடியதா, தெரிந்ததால் கூடியதா என்று எப்படிப் பிரிப்பது? நல்ல ஆய்வு என்றால் இந்த இரண்டையும் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லியிருக்கும்.

இன்னொரு அடிப்படைத் தடை இருக்கிறது. இன்பம் சுரக்கும் இடம் மூளையின் ஆழத்தில் இருக்கிறது. 2011-ல் மான்ட்ரியாலில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸட்டோர் குழு, பாட்டின் உச்சக் கணத்தில் டோப்பமைன் என்ற வேதிப்பொருள் ஆழ்பகுதிகளில் சுரப்பதைக் காட்டியது. உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போது ஒரு பகுதியிலும், உச்சம் வந்ததும் அக்கும்பென்ஸ் என்ற இன்னொரு பகுதியிலும் சுரந்தது. இதை அறிய ஊசி மூலம் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. தலைமேல் ஒட்டும் மின்முனைக்கு அந்த ஆழம் நேரடியாக எட்டாது. இன்பத்தைப் பற்றி ஈஈஜி சொல்வதெல்லாம் மேற்பரப்பிலிருந்து செய்யும் ஊகம்தான்.

நினைவில் வைக்க: விருப்பத்துக்குத் தடயங்கள் உண்டு, முத்திரை கிடையாது. ஒரே தடயம் கவனத்தாலும் வரலாம், பரிச்சயத்தாலும் வரலாம், இன்பத்தாலும் வரலாம். அதனால்தான் ஆய்வாளர்கள் ஒரே ஆளை, இரண்டு இசைத்துண்டுகளுக்கு நடுவே, பலமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

## மூளையைப் பார்த்து ஹிட் பாட்டைச் சொல்ல முடியுமா

இசை வியாபாரத்துக்கு இந்தக் கேள்வி இனிப்பானது. பலரும் மேற்கோள் காட்டுவது அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்து கிரெகரி பெர்ன்ஸின் ஆய்வு. பதின்வயதினர் சிலருக்கு அவ்வளவாகத் தெரியாத பாடகர்களின் பாடல்களைப் போட்டு மூளை ஸ்கேன் எடுத்தார். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பாடல்களின் விற்பனையைப் பார்த்தபோது, அக்கும்பென்ஸ் பகுதியின் இயக்கத்துக்கும் விற்பனைக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. "எவ்வளவு பிடித்தது" என்று வாயால் சொன்ன மதிப்பெண்ணுக்கும் விற்பனைக்கும் தொடர்பு இல்லை. ஆர்வமூட்டும் முடிவு, சந்தேகமில்லை. ஆனால் அது எம்ஆர்ஐ இயந்திரத்தில் எடுத்தது, ஈஈஜி அல்ல. தொடர்பும் வலுவானதல்ல. கூட்டத்தின் சராசரிப் போக்கை ஓரளவு ஊகிப்பதற்கும், இதோ இந்த ஆளுக்கு இந்தப் பாட்டு பிடிக்கும் என்று நெற்றிப்பட்டை சொல்வதற்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது. அதுவும் நெற்றியில் இரண்டு மூன்று மின்முனை, நடந்துகொண்டே கேட்கும் ஆள், சிமிட்டும் கண் என்றால் தூரம் இன்னும் கூடும். பிடித்திருக்கிறதா என்று அவரையே கேட்டுவிடுவது இப்போதைக்கு மலிவு.

## தாளம் பிடிபடும், பாட்டு பிடிக்காது

பின்தொடர்வதும் பிடிப்பதும் வேறு வேறு என்பதற்கு ஆகத் தெளிவான சாட்சி, இசையில் இன்பமே காணாத ஒரு சிறு கூட்டம். பார்சிலோனாவில் ஹோசப் மார்கோ-பல்யாரெஸ் குழு 2014-ல் இவர்களைப் பற்றி எழுதியது. காது நன்றாகக் கேட்கும். சுருதி பேதம் தெரியும். இது சோகப் பாட்டு, இது குதூகலப் பாட்டு என்று சரியாகச் சொல்வார்கள். மனச்சோர்வும் கிடையாது. பணம் ஜெயிக்கும் விளையாட்டு வைத்தால் மற்றவர்களைப் போலவே உற்சாகமாகிறார்கள். பாட்டு மட்டும் அவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. இதயத் துடிப்பு கூடுவதில்லை, தோலில் வியர்வை மாற்றம் இல்லை. பின்னர் எடுத்த ஸ்கேன்களில், இவர்கள் இசை கேட்கும்போது ஒலியைக் கேட்கும் பகுதிக்கும் அக்கும்பென்ஸுக்கும் இடையிலான தொடர்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பது தெரிந்தது. பணம் ஜெயிக்கும் விளையாட்டில் அதே அக்கும்பென்ஸ் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது.